இசை வகுப்பில் கைபேசி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இசை வகுப்பில் கைபேசிச் செயலிகளைப் பயன்படுத்தத் தொடங்கி ஒரு பருவம் முடிந்திருக்கிறது. "வீட்டில் நாங்கள் போனைப் பிடுங்கி வைக்கிறோம், பள்ளியில் நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்களே" என்று சிலர் நேரில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளைகள் யாரும் வீட்டிலிருந்து கைபேசி கொண்டுவர வேண்டாம். இதற்காக நீங்கள் புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம். வகுப்பில் இருப்பவை பள்ளிக்குச் சொந்தமான ஐந்து கைபேசிகள். அவற்றில் சிம் இல்லை. சுருதி ஒலிக்க ஒன்று, தாளம் தட்ட ஒன்று, குரலைப் பதிவு செய்ய ஒன்று, பாடும் சுரத்தை முள்ளாகக் காட்டும் ட்யூனர் ஒன்று என நான்கு செயலிகள் மட்டுமே உள்ளன. மணி அடித்ததும் ஐந்தும் அலமாரிக்குள் போய்விடும்.

போன வாரம் ஒரு தாயார் கேட்டது இதைவிட நுட்பமான கேள்வி. அவருடைய மகள் பாடிய காந்தாரத்தை (ச ரி க-வில் வரும் 'க') ஆசிரியை நன்றாக இருக்கிறது என்றாராம். வீட்டில் அதே சுரத்தை ட்யூனரில் பாடிப் பார்த்தால் முள் 'குறைவு' என்று காட்டுகிறது. யாரை நம்புவது?

ஆசிரியையை நம்புங்கள். செயலியிலும் கோளாறு இல்லை, அதன் அளவுகோல்தான் வேறு. பெரும்பாலான ட்யூனர்கள் ஒரு ஸ்தாயியை, அதாவது ச-விலிருந்து மேல் ச வரையுள்ள தூரத்தை, சமமான 12 படிகளாகப் பிரிக்கின்றன. சுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்கும் சிறு அலகு சென்ட்; ஒவ்வொரு படியும் 100 சென்ட். ஆனால் ச ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் என்ற வகைக் காந்தாரம் அந்தச் சமப்படியில் உட்காராது. ச-வின் அதிர்வெண் 4 பங்கு என்றால் இந்தக் காந்தாரம் 5 பங்கு; சமப்படியைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கும். பஞ்சமத்தில் ('ப') இந்த வித்தியாசம் 2 சென்ட்தான், அதனால் அங்கே முள் சமர்த்தாக நடுவில் நிற்கும். ஆக, அந்தத் தாயாரின் மகள் காதால் கேட்டுச் சரியாகப் பிடித்ததைத்தான் முள் தப்பு என்றது. முள் சொல்கிறதே என்று அவள் காந்தாரத்தை ஏற்றிப் பாடியிருந்தால் அதுதான் எங்களுக்குக் கவலை. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வரும் இடங்களில் முள் எதையும் சொல்லாது, சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் ட்யூனர் எதற்கு? ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பஞ்சமத்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தான். முள் இடப்பக்கம் சாய்ந்தால் குரலை மேலே தள்ளுவான். அது வலப்பக்கம் தாவும், உடனே இறக்குவான். மூச்சு முட்டியதுதான் மிச்சம். ஆசிரியை கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கண்ணை மூடு. ச-வைக் கேள். அப்புறம் பாடு" என்றார். இரண்டு மூச்சு சும்மா கேட்டான். மூன்றாவது மூச்சில் பாடினான், குரல் ஆடவில்லை. அவன் நீட்டிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியை திரையைத் திருப்பிக் காட்டினார். முள் நடுவில் நின்றது. "நானே பிடிச்சேனா டீச்சர்?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்க்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து வகுப்பில் இதுதான் வழக்கம்: முதலில் காது, கடைசியில் முள்.

என்னைக் கேட்டால், நான்கில் அதிகம் பயன்படுவது பதிவுச் செயலிதான். முதல் முறை கேட்கும் பிள்ளை அநேகமாக "இது என் குரல் இல்லை" என்றுதான் சொல்லும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. அதில் கனம் கொஞ்சம் கூடுதல். பதிவில் அந்தக் கனம் இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கூச்சம் போய்விடும். அப்புறம் பாருங்கள், வரியின் கடைசியில் சுருதி இறங்குவதை நாம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையே கேட்டுவிட்டு "இன்னொரு தடவை பாடறேன்" என்கிறது. பருவ இறுதியில் முதல் வாரப் பதிவையும் கடைசி வாரப் பதிவையும் உங்களிடம் தருவோம், பிறகு எங்களிடம் உள்ளவற்றை அழித்துவிடுவோம். பிள்ளையின் அனுமதி இல்லாமல் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். திருத்தங்களை ஆசிரியையிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

தாளச் செயலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1815-இல் மெல்செல் என்பவர் காப்புரிமை பெற்ற, சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் வேலையைத்தான் அது செய்கிறது. கையால் தாளம் போட்டு நிலைத்த பிறகே அதைத் தொட விடுகிறோம்.

வீட்டில் சாதகம் செய்யும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். தாளத்தோடு பாடும்போது அது பிள்ளையைக் குழப்பும்; வயர் உள்ளதே நல்லது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி ச சரியாகக் கேட்காது. அதற்காக ஒலியைக் கூட்டாதீர்கள், பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அதில் இணையுங்கள். ஹெட்போனில் கேட்பதானால், குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். பதிவுக்கும் ட்யூனருக்கும் மைக் தேவை. சுருதி ஒலிக்கும் செயலிக்கு அதுவும் தேவையில்லை. எந்தச் செயலியாவது தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்ததும் வேலை செய்ய மாட்டேன் என்றால் அந்தச் செயலியே வேண்டாம்.

இன்னும் தயக்கம் இருந்தால், இசை வகுப்பு நடக்கும் எந்த நாளிலும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அதற்கு முந்தைய நாள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்