தம்பிக்கு அப்பா எழுதுவது

கொக்குவில்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் சுகமாயிருக்க நல்லூரானைக் கும்பிடுகிறோம். நிற்க,

நீ ரெலிபோன் எடுத்து நாலு ஞாயிறு போய்விட்டது. குறையாக எழுதவில்லை. உனக்கு வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நாங்கள் எடுத்தாலும் "பிறகு எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடதாசியென்றால் உனக்கு நேரம் வரும்போது ஆறுதலாக வாசிக்கலாம். காலமையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. ஒரு துண்டு பாணாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

இங்கே பெரிய புதினம் ஒன்றுமில்லை. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது, பறித்துத் தர ஆளில்லை. சின்னக்கா போன கிழமை அம்மாவோடு கதைத்தாள். லண்டன் ஈலிங் அம்மன் தேருக்கு உன்னைக் காணவில்லையாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், ஒவ்வொரு வருஷமும் வடம் பிடிக்கிறவன் நீ. வேறும் ஏதோ சொன்னாள். அதை விடு.

நான் எழுத வந்தது படங்களைப் பற்றி.

2016இல் வந்தபோது நீ கொண்டுவந்து தந்த டிவிடிப் பெட்டி ஞாபகமிருக்கும். ஈலிங் ஸ்ரூடியோவின் பழைய சிரிப்புப் படங்கள். அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே இருந்தது. மழை நாளொன்றில் எடுத்துப் போட்டோம். ஒரு கிழமையாக ஒவ்வொரு இரவும் அதுதான். வசனம் கீழே எழுத்தில் ஓடுவதால் எனக்குக் கஷ்டமில்லை, அம்மாவுக்கு நான் சொல்லிக்கொண்டே போனேன்.

முதலில் பார்த்தது 'பாஸ்போர்ட் டு பிம்லிக்கோ'. 1949இல் வந்தது. லண்டனில் பிம்லிக்கோ என்ற பகுதியில் யுத்தத்தில் வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று வெடிக்கிறது. கிடங்குக்குள் புதையலும் பழைய சாசனமும் கிடைக்கின்றன. அந்த நிலம் இங்கிலாந்துக்குச் சொந்தமில்லை, பேர்கண்டிப் பிரபுவுக்குச் சொந்தம் என்று சாசனம் சொல்கிறது. சனம் பங்கீட்டுக் கூப்பன் புத்தகங்களைக் கிழித்தெறிகிறது. அங்கேயும் கூப்பன் இருந்தது, தம்பி! 1954 வரைக்கும் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் படிப்பித்தவன் நான். வெள்ளைக்காரச் சனமும் இறைச்சிக்குக் கூப்பனோடு வரிசையில் நின்றதை ஒருநாளும் மனதில் எடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு அரசாங்கம் முள்ளுக்கம்பி அடித்து அந்தப் பகுதியைப் பூட்டுகிறது. தண்ணீரை நிறுத்துகிறது. சாமான் உள்ளே போகாது. அப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற லண்டன் சனம் சாப்பாட்டுச் சாமான்களைக் கம்பிக்கு மேலால் எறிகிறது. அந்த இடத்தில் அம்மா அழுதுவிட்டா. சிரிப்புப் படத்தில் அழுவதா என்று நான் கேட்கவில்லை, எனக்கும் தொண்டை அடைத்தது. இங்கேயும் சாமான் தடையிருந்தபோது சவர்க்காரமில்லாமல் பனங்காய் பினைந்து உடுப்புத் தோய்த்த காலம் அவவுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு ஞாபகம் வந்தது நீதான். ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவுக்கு நீ பெடலைச் சுற்ற, நான் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டேன். கை நோகுது என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு படத்தில் பரசூட்டில் ஒரு பன்றியை இறக்குகிறார்கள். அதற்கு அம்மா கண்ணீரோடேயே சிரித்தா.

அம்மாவுக்குப் பிடித்தது 'த லேடிகில்லர்ஸ்', 1955. தனிய இருக்கிற ஒரு வயதான மனுசி, கிங்ஸ் குரொஸ் ஸ்ரேசன் பக்கத்தில் சரிந்துபோன வீடு. சங்கீதம் பழகுகிறோம் என்று சொல்லி ஐந்து கள்ளர் அறை எடுக்கிறார்கள். உள்ளே கிராமபோனைப் போட்டுவிட்டுக் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். மனுசி அடிக்கொரு தரம் கதவைத் தட்டித் தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிறா. கடைசியில் அவவைக் கொல்ல ஒருத்தராலும் முடியவில்லை. அந்த மனுசியாக நடித்த கேற்றி ஜோன்சனுக்கு எழுபது கடந்த வயதில் பிரிட்டிஷ் ஃபிலிம் அக்கடமியின் சிறந்த நடிகைப் பரிசு கிடைத்தது. "தட்டித் தட்டிக் கேட்டதாலைதான் மனுசி தப்பினது" என்று அம்மா சொன்னா. சொல்லிவிட்டு ரெலிபோனைப் பார்த்தா.

கள்ளர் தலைவனாக வருகிற அலெக் கின்னஸ்தான் 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரனெற்ஸ்' படத்தில் எட்டு வேஷம் போட்டவர். "சிவாஜி நவராத்திரியிலை ஒன்பது போட்டவர், இவர் எட்டு, ஆனால் பதினைந்து வருஷம் முந்தி" என்று விறாந்தையில் நின்று எனக்குச் சொன்னாய். நான் பேப்பரை இறக்கவில்லை. இப்போது பார்த்தேன். ஒரு குடும்பத்தின் எட்டுப் பேரும் அவர், ஒரு கிழவியும் அதில் அடக்கம், ஒவ்வொருத்தருக்கும் வேறு நடை, வேறு குரல். இவர் எங்கள் கித்துல்கலவுக்கு வந்து குவாய் நதிப் பாலம் படத்தில் நடித்தவர். அதை றீகல் தியேட்டரில் நான் இரண்டு தரம் பார்த்தவன். அதே மனிதர்தான் என்று பிடிபட எனக்கு மூன்று படம் எடுத்தது. நீ இதையெல்லாம் எவ்வளவு நாளைக்கு முன்னமே அறிந்து வைத்திருக்கிறாய்! மைக்கல் பல்கன் அந்த ஸ்ரூடியோவை 1938இல் பொறுப்பெடுத்ததையும், 1955இல் அது பிபிசிக்கு விற்கப்பட்டதையும் நீ அப்போதே சொன்னாய். ஈலிங் கிறீனில் அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தும் அனுப்பினாய். "வேலைக்குப் போற வழி அப்பா" என்று எழுதியிருந்தாய்.

இப்போதும் அந்த வழியால்தானே போகிறாய்?

நேற்று 'த மேன் இன் த வைட் சூட்' பார்த்தோம். 1951. கின்னஸ்தான் கதாநாயகன் சிட்னி. துணி ஆலையொன்றில் ஒருத்தருக்கும் சொல்லாமல் பரிசோதனை செய்கிறான், பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஆலையில் சாமான் ஏற்றுகிற கூலியாகச் சேர்கிறான். கிழியாத, ஊத்தை பிடிக்காத துணியைக் கண்டுபிடிக்கிறான். அப்படியொரு துணி வந்தால் பிறகு ஆலை எதற்கு? முதலாளிகளும் துரத்துகிறார்கள், தொழிலாளிகளும் துரத்துகிறார்கள். வெளுக்கிற கிழவி வந்து, தோய்க்க உடுப்பில்லாவிட்டால் என் பிழைப்பு என்னாவது என்று கேட்கிறா. அவன் முகம் விழுந்துபோகிற அந்த இடத்தை நான் இரண்டு தரம் திருப்பிப் போட்டேன். கடைசியில் துணி எல்லாரின் கையிலும் பஞ்சாகப் பிய்ந்து போகிறது. சனம் நின்று சிரிக்கிறது. வேலையும் போய்விடுகிறது. ஆனால் அடுத்த நாள் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான், ஏதோ பிடிபடுகிறது, நடை மாறுகிறது, அவனுடைய பரிசோதனைக் கருவியின் அந்தக் கொதிக்கிற சத்தம் திரும்பக் கேட்கிறது.

அவனுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று படம் காட்டவில்லை. இருந்திருந்தால் வேலை போனதற்காக அவனை ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கேயும் நடக்கிற விஷயம். இப்போதெல்லாம் பெரிய கொம்பனிகளிலேயே நடக்கிறது. படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ காலமையில் சாப்பிடு.

அந்தச் சத்தம், தம்பி. குளுக் குளுக் என்று தாளத்தோடு வருகிற சத்தம். சின்னக்காவின் பிள்ளைகளுக்கு விறாந்தையில் நீ வாயால் செய்து காட்டியது அதுதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "முப்பது கடந்த ஆம்பிளை செய்யிற வேலையோ இது" என்று நான் எல்லாருக்கும் முன்னால் ஏசினேன்.

நீ திரும்பிப் போய் ஒரு மாதத்தால் ரெலிபோனில் "படங்கள் பாத்தியளோ அப்பா?" என்று கேட்டாய். "ஓம், பாத்தம், நல்லாயிருக்கு" என்றேன். "அந்தச் சத்தம் எப்படி?" என்றாய். "என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டேன். லைனில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு "சரி அப்பா" என்றாய். போன கிழமை வரைக்கும் அந்தப் பெட்டியின் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை. நான் காணியை ஈடு வைத்து எக்கவுண்டன்ற் ஆக்கிவிட்ட பிள்ளை சிரிப்புப் படத்துக்குக் காசைக் கொட்டுகிறானே என்ற கோபம் எனக்கு. அதற்காகப் பொய் சொன்னேன். அதுக்குப் பிறகு நீ ஒரு படத்தைப் பற்றியும் என்னோடு கதைத்ததில்லை. எதைக் கேட்டாலும் "ஓம், நல்லாயிருக்கு" என்கிறாய். அது என்னுடைய வசனம். என்னிடமிருந்துதான் எடுத்தாய். இப்போது அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

'விஸ்கி கலோர்' இன்னும் பார்க்கவில்லை. 1941இல் ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் பக்கத்தில் விஸ்கிப் பெட்டிகளோடு தட்டின உண்மைக் கப்பலின் கதை என்று உறையில் இருக்கிறது. அம்மா போடச் சொன்னா, நான் வேண்டாமென்று எடுத்து வைத்துவிட்டேன். நீ ஒரு ஞாயிறு சொல்லு. அங்கே பின்னேரம் மூன்றரை, இங்கே இரவு எட்டு. நீ அங்கே போடு, நாங்கள் இங்கே போடுகிறோம், ரெலிபோனை வைக்காமல் பார்ப்போம். கதைக்க வேண்டுமென்றில்லை.

அம்மா பக்கத்தில் இருந்து திரும்பவும் எழுதச் சொல்கிறா: வேலைக்குப் போகமுன் சாப்பிட்டுவிட்டுப் போகட்டாம். போகாத நாளிலும் சாப்பிடு, தம்பி.

அன்புள்ள
அப்பா