வாளியைத் தொங்கவிட்டுப் பாருங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவர்களாக வரும் பெரியோர்களுக்கு வணக்கம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது ஒரு பாம்பன் பாலம். தெர்மோகோலில் வெட்டி, வெள்ளி வர்ணம் பூசி, மேலே பொம்மை ரயிலும் வைத்திருந்தார்கள். அது எவ்வளவு எடை தாங்கும் என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் எங்கள் பிள்ளைகளின் செய்தித்தாள் பாலம், பசைக் கறையும் ஒட்டுமாக இருந்தது. “ஏன் இவ்வளவு அழுக்கு?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார் ஒரு நடுவர். வாடிப்போன அந்த முகங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

அந்த அழுக்கு மூன்று வார உழைப்பு. சைக்கிள் சக்கரக் கம்பியில் செய்தித்தாளை இறுக்கிச் சுற்றி, மைதாப் பசை தடவிக் காய வைத்தால் விறைப்பான குழல் கிடைக்கும். நான்கு குழல்களைச் சதுரமாகக் கட்டி ஓரத்தில் தள்ளினார்கள், சாய்ந்தது. மூலைக்கு மூலை ஒரு குழலைக் கட்டியதும் அசையவில்லை. பக்கங்களின் நீளம் மாறாமலே சதுரம் சரியும். முக்கோணம் சரிய வேண்டுமானால் ஒரு பக்கம் வளைய வேண்டும், இல்லையேல் கட்டு அவிழ வேண்டும். இதைக் கரும்பலகையில் நான் பத்து முறை வரைந்திருக்கிறேன். விரலால் தள்ளிப் பார்த்த அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது.

பிறகு இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலத்தை வைத்து, வாளியைத் தொங்கவிட்டு, கொட்டாங்குச்சியால் மணல் போட்டார்கள். குறுக்குக் குழல் இல்லாத முதல் பாலம் மூன்று கிலோவில் விழுந்தது. எட்டுக் குழல்கள் சேர்த்த இரண்டாவது பாலம் பதினோரு கிலோ வரை தாங்கியது. “குழல் உடையவில்லை டீச்சர், கட்டுதான் விட்டது” என்றாள் ஒரு சிறுமி. விழுந்ததைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. மேசையில் நீங்கள் கண்ட ஒட்டு அந்தக் கட்டின் மேல் போட்டதுதான்.

பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியின் இரும்புச் சட்டங்களிலும் முக்கோணங்கள் இருந்தன. 1964 புயல் அதன் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் மீட்டெடுத்தார்கள். எது போயிற்று, எது நின்றது, ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்க அதைவிட நல்ல பாடம் எது?

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதிரியின் மேல் எடை வைக்கச் சொல்லுங்கள். முதலில் எங்கே உடைந்தது, பிறகு எதை மாற்றினாய் என்று கேளுங்கள். உடைந்து விழுந்த மாதிரியையும் மேசையில் வைக்க அனுமதியுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

வாளியும் மணலும் நாங்களே கொண்டுவருகிறோம். இரண்டு மேசைகளை இரண்டு முழ இடைவெளி விட்டுப் போட்டுத் தாருங்கள், போதும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை