எழுதிக் கொடுக்காதே, பிள்ளை

முள்ளியவளை,
மார்கழி.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். மழை விட்டபாடில்லை. அந்தக் குளிருக்குள் சுவெற்றர் போடாமல் திரியாதே.

பள்ளிக்கூட விவாத அணியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம். தம்பி சொல்லித்தான் தெரியும். அதிபர் ஆளறிந்துதான் தந்திருக்கிறார். ஆனால் அணி பழக்கிய தாய் வீட்டில் இருக்க, நீ அவனிடம் விளக்கம் கேட்டிருக்கிறாய்.

முதலில் போட்டி விதிகளை வாங்கு. அணிக்கு எத்தனை பேர், எத்தனை நிமிடம், பேச்சின் நடுவே மற்ற அணி எழும்பிக் கேட்கும் இடைக்கேள்வி உண்டா, முடிவில் தொகுப்புரை உண்டா என்று பார்க்காமல் பிள்ளைகளைப் பழக்கத் தொடங்காதே. பட்டிமன்றத்தைப் பார்த்துப் பழகவும் விடாதே. அங்கே நடுவரின் பேச்சுக்குத்தான் சனம் வரும். விவாதத்தில் எதிராளி சொன்னதற்குப் பதில் சொன்னாயா என்பதே கணக்கு.

உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டி முறை என்றால் அணிக்கு மூவர், ஆளுக்கு 8 நிமிடம். பிறகு அணிக்கொரு தொகுப்புரை, 4 நிமிடம். அதை முதலாம் அல்லது இரண்டாம் பேச்சாளர்தான் செய்யலாம். தலைப்பை எதிர்த்துப் பேசும் எதிரணிதான் முதலில் தொகுக்கும். ஆகவே எதிரணியின் மூன்றாம் பேச்சும் தொகுப்புரையும் அடுத்தடுத்து வரும். ஒரே கதையை இரண்டு தரம் சொல்லிப் புள்ளி இழப்பது அங்கேதான். மூன்றாமவர் மறுப்பை முடிக்கட்டும். தொகுப்பவர், எந்த இரண்டு கேள்வியில் வாதம் நின்றது, அதில் நாங்கள் ஏன் மேல் என்பதை மட்டும் சொல்லட்டும்.

முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் இடைக்கேள்விக்கு இடமில்லை. நடுவில் உள்ள 6 நிமிடத்தில் இரண்டை ஏற்கச் சொல். ஒன்றையும் ஏற்காவிட்டால் பயந்ததாகத் தெரியும். நாலை ஏற்றால் சொந்தப் பேச்சு மிஞ்சாது. புள்ளி நூற்றுக்கு என்றால் பொருளுக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20. குரல் வளத்தை மட்டும் பார்த்து ஆள் எடுக்காதே.

பிரித்தானிய நாடாளுமன்ற முறையில் நாலு அணி, அணிக்கு இருவர், ஆயத்தத்துக்கு 15 நிமிடம். ஒரே பக்கத்தில் பின்னால் வரும் அணி புதிதாக ஒன்று கொண்டுவரவேண்டும். தன் பக்கத்தில் முன்னால் பேசிய அணியை மறுக்கவும் கூடாது. புதுப் பிள்ளைகளுக்கு அது பாரம், இப்போது தொடாதே.

அமெரிக்க அரசியல்வாதிகள் லிங்கனும் டக்ளசும் 1858இல் இலினோய் மாநிலத்தில் ஏழு தரம் விவாதத்தில் மோதினார்கள். அவர்கள் பெயரில் அமெரிக்கப் பாடசாலைகளில் ஒருவருக்கொருவர் முறை நடக்கிறது. அதிலுள்ள 3 நிமிடக் குறுக்கு விசாரணையைப் பயிற்சிக்கு எடு. கூச்சப்படுகிற பிள்ளைக்கு வாய் திறக்க அதைவிட நல்ல வழி இல்லை.

பேச்சை எழுதிக் கொடுக்காதே. "ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நீக்கப்படவேண்டும்" என்று கரும்பலகையில் எழுது. "நீக்குதல்" என்றால் அடியோடா, வேறொன்றை வைத்தா என்று முதற்பேச்சாளர் வரையறுக்கட்டும். பிறகு இரண்டு பக்கத்துக்கும் காரணங்களைப் பிள்ளைகளே சொல்லட்டும். மூன்றைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் ஏன், உதாரணம், அதனால் என்ன என்று கேள். கையில் சின்ன அட்டை, அதில் தலைச்சொற்கள் மட்டும். எதிரணி சொல்வதைச் சிவப்பிலும் தங்கள் பதிலை நேரெதிரே நீலத்திலும் குறிக்கட்டும். சபை வணக்கம் 10 விநாடிக்கு மேல் போகக்கூடாது, அதில் ஒரு நிமிடத்தைத் தொலைப்பவர்கள் கனபேர். திரும்பவும் சொல்கிறேன், எழுதிக் கொடுக்காதே. பாடமாக்கிய பிள்ளைக்குக் காது வேலை செய்யாது.

உனக்கு நான்தான் எழுதித் தந்தேன். ஒன்பதாம் தரத்தில், எட்டுப் பக்கம். ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கினாய். எதிரணிப் பெடியன் எழும்பிக் கேட்டது என் தாளில் இல்லை. நீ பேசாமல் நின்றாய். வீடு வரும்வரை உன்னை ஏசினேன். பிழை என்னுடையது, பிள்ளை. அதற்குப் பிறகு நீ மேடை ஏறவில்லை, என்னோடும் அளந்துதான் கதைக்கிறாய். இவ்வளவு காலமும் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தலைப்பு வந்ததும் எனக்கு அனுப்பு. பேச்சு எழுதமாட்டேன். எதிரணி கேட்கக்கூடிய கேள்விகளை மட்டும் அனுப்புகிறேன்.

அம்மா