வீட்டுத் தறியும் வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊரில் வேலை இல்லாமல் பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள், பெரிய தொழிற்சாலை வந்தால்தான் விடிவு என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறேன். சரி, வரட்டும். ஆனால் ஈரோடு மாவட்டத்தில் எங்கள் பவானியில் வீட்டுக்குள்ளேயே இருந்த வேலை, கைத்தறியில் ஜமக்காளம் நெய்வது, கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, அதை யாரும் வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்குத் தறியே தெரியாது. முதலில் நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றினேன், அப்புறம் மாமியார் தறிக் குழியில் இறக்கிவிட்டு, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் அந்த நாடாவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஜமக்காளம் அகலமானது, ஒரு ஆளுக்குக் கை எட்டாது. இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவர், அவர் தள்ளிவிடும் நாடாவை நான் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உட்காருவோம், உலை கொதித்தால் எழுந்து போய் இறக்கிவைத்துவிட்டு வருவோம். சின்னக் குழந்தையையும் வயசானவர்களையும் விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏற முடியாத பெண்களுக்கு வேறு எந்த வேலை இப்படி அமையும்?

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆள் வேனில் ஏறிவிட்டால் இந்தத் தறியில் இரண்டு பேர் வேலை போகிறது. என் கொழுந்தனார் பெருந்துறைப் பக்கம் மில் வேலைக்குப் போனார், எதிரே உட்கார ஆள் இல்லாமல் அவர் மனைவியும் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அந்தக் குழியின் மேல் பலகை போட்டு இப்போது அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கூலி கட்டுப்படியாகவில்லை. வீட்டு வேலைதானே என்று கூலியைக் குறைப்பதும், உடம்புக்கு முடியாத நாளில் ஒன்றுமே இல்லாமல் போவதும் இருக்கிறவரை யாரும் இதில் நிற்க மாட்டார்கள்.

கூலி ஏறாததற்குக் காரணம், கரண்டில் ஓடும் விசைத்தறியில் நெய்து எங்கள் சரக்கின் பெயரில் விற்கும் ஜமக்காளம். கைத்தறிக்கு மட்டும் என்று சில ரகங்களை ஒதுக்கி 1985இலேயே சட்டம் வந்தது, இன்றுள்ள 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளம் என்ற பெயர் இந்த ஊர்ச் சரக்குக்குத்தான் என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் போன தை மாதம் ஒரு கடையில் பவானி ஜமக்காளம் என்று எடுத்துப் போட்டதைத் தொட்டதுமே விசைத்தறிச் சரக்கு என்று தெரிந்துவிட்டது, லேசாக, துவண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் மாமியார் நெய்த பழைய ஜமக்காளம் எத்தனை வெளுப்புக்குப் பிறகும் விரித்தால் விறைப்பாக நிற்கிறது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். இவ்வளவு பேர் வேலையைக் காப்பாற்றப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறார்கள், உதவிதான், ஆனால் எங்கள் தறி ஓடுவது கரண்டில் அல்ல, ஆர்டரில். அங்கன்வாடியிலும் அரசுத் தொடக்கப் பள்ளியிலும் தரையில் உட்காரும் குழந்தைகளுக்கு அந்தந்த மாவட்ட நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஜமக்காளம் வாங்கட்டும், கடைகளில் அதிகாரிகள் அடிக்கடி சோதனை போடட்டும். வருஷம் முழுக்க ஆர்டரும் கட்டுப்படியாகும் கூலியும் இருந்தால், அந்த அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு நாளைக்கே தறியில் பாவு நூலைப் பூட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளி, பவானி