யன்னல் துடைக்கிற வேலை பற்றி மச்சானுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோசம். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தார். அவருக்குக் கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரைத் தானே வாசிக்கிறார்.

மட்டக்களப்பில் அந்தப் புது மாடிக் கட்டடத்தின் கண்ணாடி வேலையை எடுத்தது நல்லது. நாள் முழுக்க நின்றும் ஒரு பக்கம்தான் முடிகிறது, எப்படிக் கெதியாகச் செய்வது என்று கேட்டிருந்தாய். கையை வேகமாக ஆட்டி நேரம் மிச்சம் பிடிக்க முடியாது மச்சான். துடைத்த கண்ணாடிக்குத் திரும்பப் போகாமல் இருந்தால்தான் மிஞ்சும். உன் பெடியள் எத்தனை கண்ணாடிக்கு இரண்டாந்தரம் போகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்.

நாங்கள் வெயிலைப் பார்த்துத்தான் வேலையைப் பிரிக்கிறோம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் பெரிய கண்ணாடிகள் எல்லாம் கடலைப் பார்த்து, கிழக்கு முகமாக இருக்கும். விடியவே அதில் கை வைத்தால், சூடேறிய கண்ணாடியில் சவர்க்காரத் தண்ணீர் வழித்தெடுக்க முன்னமே காய்ந்து கோடாக நிற்கும். அதனால் காலையில் றோட்டுப் பக்கம், வெயில் திரும்பிய பிறகு கடற்பக்கம். உன் கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்று நீ எழுதவில்லை. முதலில் அதைப் பார்.

அடுத்தது உப்பு. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் கடற்பக்கக் கண்ணாடியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். கச்சான் காற்றுத் தொடங்கினால் தரைப் பக்கத்திலிருந்து புழுதி வந்து அப்பும். இரண்டையும் காய்ந்த துணியால் தொடவே கூடாது. உப்பு கண்ணாடியைக் கீறாது, ஆனால் கூட வருகிற மணல் கீறிவிடும். வெறுந்தண்ணீரை மேலிருந்து கீழாக விட்டுக் கழுவிய பிறகுதான் சவர்க்காரம். அதற்குக் கொஞ்ச நேரம் போகும்தான். ஆனால் வாளித் தண்ணீர் கெதியில் கலங்காது, தண்ணீரை வழித்தெடுக்கிற வைப்பரின் றப்பரும் இழுபடாமல் ஓடும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அதனால் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான் நல்லது. வெளிநாடுகளில் கரைந்திருக்கும் உப்பையெல்லாம் வடித்த தண்ணீரை நீளத் தடியால் மேலே ஏற்றி, தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டுத் துடைக்காமலே போய்விடுகிறார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லாதபடியால் காய்ந்தாலும் அடையாளம் நிற்காது. நமக்கு அந்த மெசின் கட்டுப்படியாகாது.

வாளிக்குச் சில சொட்டுப் பாத்திரம் கழுவுகிற திரவம் போதும். நுரை கூடினால் படலம் நிற்கும், பிறகு அதைத் துடைக்க வேறு ஒரு வேலை.

இப்போது வைப்பர். இதில்தான் எனக்கு மிகவும் அக்கறை, ஏனென்றால் கடையில் வாங்கியதை அப்படியே தேயும்வரை இழுக்கிறவர்கள்தான் அதிகம். முந்தைய வைப்பர்கள் பாரமான இரும்பு, றப்பர் மாற்ற ஒவ்வொரு ஆணியாகக் கழற்ற வேண்டும். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் ஓக்லாந்துக்குப் போய்க் கண்ணாடி துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர்தான் பாரம் குறைந்த, ஒற்றை றப்பர் போட்ட வைப்பருக்கு 1936இல் காப்புரிமை எடுத்தார். இந்த வேலையைச் செய்த ஒருவனுக்குத்தான் அது தோன்றியிருக்கும். அதில் உயிர் அந்த றப்பரின் விளிம்புதான். நகத்தால் மெல்லத் தடவிப் பார், ஓரிடத்தில் தட்டுப்பட்டாலும் அங்கே கோடு விழும். உடனே திருப்பிப் போடு, மற்ற விளிம்பு புதிதாக இருக்கும். இரண்டும் முடிந்தால் எறிந்துவிடு. றப்பரில் காசு மிச்சம் பிடித்தால் நேரம் போய்விடும்.

இழுக்கும் விதம் இது. கண்ணாடி முழுக்க நனைத்த பிறகு, மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்தைத் துணியால் உலர்த்து. வைப்பரை அந்த உலர்ந்த இடத்தில் வைத்துத் தொடங்கினால் மேலிருந்து தண்ணீர் ஒழுகாது. பக்கவாட்டில் இழுத்து, ஓரத்தில் தூக்காமலே மணிக்கட்டைத் திருப்பித் திரும்ப வா. ஒவ்வொரு தரமும் முன் இழுத்த இடத்தின் மேல் இரண்டு அங்குலம் ஏறட்டும். தூக்கித் தூக்கி வைக்கிறபோதுதான் கோடு விழுகிறது, றப்பரை அடிக்கடி துடைக்கவும் வேண்டி வருகிறது. கீழே வந்ததும் சட்டத்தில் தேங்கியதை ஒற்றியெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போ. கண்ணாடி நடுவில் துணி படவே கூடாது. பழகும்வரை கை வலிக்கும், பிறகு தானாக வரும்.

புதுக் கட்டடம் என்றபடியால் சீமெந்தும் பெயின்ரும் தெறித்திருக்கும். அதைச் சுரண்டுகிற பிளேட்டை நனைந்த கண்ணாடியில் மட்டும், ஒரே பக்கமாகத் தள்ளு, திரும்ப இழுக்காதே. சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியென்றால் கட்டினவரிடம் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகுதான் பிளேட். அதன் முகத்தில் பொடிக் கண்ணாடித் துகள் ஒட்டியிருந்தால் பிளேட் அதை இழுத்துக்கொண்டு போய்க் கீறிவிடும், பழி உன் தலையில்தான்.

ஏணியை நகர்த்துவதில்தான் பெடியள் நேரத்தைத் தின்கிறார்கள். முதல் மாடிவரை நீட்டுத் தடியில் வைப்பரைப் பூட்டி நிலத்தில் நின்றே செய். ஏணி போட்டால் நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே கால் இருக்கட்டும். அதற்கு மேலே கயிறும் பெல்ற்றும் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதே மச்சான், முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

இன்னொன்று, நாள் கூலிக்குப் பேசாதே. கட்டடத்துக்கு இவ்வளவு என்று பேசு. நாள் கணக்கில் பேசிவிட்டுக் கெதியாக முடித்தால் நட்டம் உனக்குத்தான்.

பெரியவனைக் கொஞ்ச நாளைக்கு இங்கே அனுப்பிவிடு. மூதூர், கிண்ணியா வழியாக வருகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கோல் எடு, நான் ஸ்டாண்டில் நிற்பேன். வைப்பர் வாங்க வேண்டாம், என்னிடம் பதினாலு அங்குலம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி