கேட்காமல் போட்ட சார்ஜ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார் வாங்குங்கள், புகை குறையும், செலவு குறையும் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்லதுதான். அந்தக் காருக்கு யார் வீட்டுக் கரண்டைப் போடுவது என்பதையும் ஒரு நாள் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன மாதம் என் வீட்டு வாசலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். தனி வீடு, முன்னால் காம்பவுண்டு, கம்பி கேட். கேட்டை ஒட்டிய தூணின் உள்பக்கம் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறது. தண்ணீர் லாரி வரும் காலத்தில் சம்புக்கு மோட்டார் போடுவதற்காக இருபது வருஷத்துக்கு முன்னால் வைத்தது. கம்பிக்கு நடுவே கையை விட்டால் எட்டிவிடும். திருட வருகிறவன் அந்த பிளக்கை என்ன செய்யப் போகிறான் என்று நானும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். வாசல் தெளிக்க வாளியில் தண்ணீரோடு போன என் மனைவி, “ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க, ஏதோ ஒயரு கெடக்கு” என்று சத்தம் போட்டாள். போய்ப் பார்த்தால், பச்சை நம்பர் பிளேட் போட்ட ஒரு கார் எங்கள் கேட்டை அடைத்தபடி நிற்கிறது. அதன் மூக்கிலிருந்து கட்டை விரல் பருமனுக்கு ஒரு கறுப்புக் கேபிள் கிளம்பி, கோலம் போடும் இடத்தைத் தாண்டி, கேட் கம்பிக்குள் புகுந்து தூணுக்குப் போகிறது. நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி தரையில் கிடந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஒரு வாளித் தண்ணீர். இன்னும் இரண்டு எட்டு வைத்து இருட்டில் வீசி இறைத்திருந்தால் அந்தப் பெட்டி மேல்தான் விழுந்திருக்கும்.

நான் முதலில் மீட்டரைத்தான் பார்த்தேன். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன், பழக்கம் விடாது. மீட்டரில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு, ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடும் நேரத்தில் நிதானமாகக் கண் சிமிட்டும். அன்றைக்கு மூச்சிரைப்பது போல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் போய் ஸ்விட்சை அணைத்து பிளக்கைத் தொட்டேன். சூடு. இஸ்திரிப் பெட்டியை அப்போதுதான் கழற்றிய பிளக் மாதிரி இருந்தது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அன்று காலை நிச்சயதார்த்தம். முந்தின நாள் இரவு விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் காரில் அதுவும் ஒன்று. நான் ஸ்விட்சை அணைத்ததும் கார்காரர் போனுக்குத் தகவல் போயிருக்கிறது போல; ஐந்து நிமிடத்தில் ஒரு தம்பி தூக்கக் கலக்கத்தோடு வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன்தான். “சாரி அங்கிள், நைட்டு வந்து பார்த்தேன், லைட் எல்லாம் அணைஞ்சிருந்தது, எழுப்ப வேண்டாமேன்னு... காலையில சொல்லிக்கலாம்னு இருந்தேன்” என்றார். என் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக என் கரண்டை எடுத்தாராம்! “எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க அங்கிள், ஜீபே பண்ணிடறேன்” என்று போனை வேறு எடுத்தார்.

சத்தம் போட முடியவில்லை. அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள். நான் வாயைத் திறந்தால் நல்ல நாளும் அதுவுமாக எதிர் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். “பரவாயில்லை தம்பி, கேபிளை எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மத்தியானம் விருந்தும் சாப்பிட்டேன். ஆனால் ஒரு மாதமாக இது மனதில் கிடந்து அரிக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கைச் சொல்கிறேன். தினமும் காலையில் ரீடிங்கை காலண்டர் தாளில் குறித்து வைப்பது என் வழக்கம் (மனைவிக்கு இதில் மிகுந்த வருத்தம், ராகு காலம் மறைந்துவிடுகிறதாம்). எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு யூனிட் ஆகும். அன்றைக்கு இருபத்தேழு. ஆக, பத்தொன்பது யூனிட் அந்தக் கார் குடித்தது. சாதாரண வீட்டு பிளக்கில் மணிக்கு இரண்டரை, மூன்று யூனிட் ஏறும், ராத்திரி பத்தரையிலிருந்து ஐந்து மணி வரை என்றால் சரியாக வருகிறது. பத்தொன்பது யூனிட்டில் என்ன போய்விட்டது, நூறு ரூபாய்தானே என்பார்கள். தமிழ்நாட்டில் வீட்டு பில் கட்டுகிற எவருக்கும் 500 என்ற எண்ணின் அருமை தெரியும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த நூறுக்குச் சலுகை விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போச்சு, கீழே உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை, மேலே உள்ளதற்கு அதைவிட அதிகம். அந்த முறை எங்களுக்கு 490-ல் முடிந்திருக்க வேண்டியது. 509 வந்தது. பில்லில் கிட்டத்தட்ட நானூறு ரூபாய் ஏறிவிட்டது. ஏ.சி.யை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தி, ஹீட்டர் போடாமல், ஒவ்வொரு யூனிட்டாக எண்ணி 500-க்குள் வைக்கிற ஓய்வூதியக் குடும்பத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கார்காரர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

நான் அவரிடம் பணம் வாங்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் வேடிக்கையானது. சொந்தக் காருக்கு வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு கரண்ட் விட்டால், வீட்டு இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறாயா என்று என்னைத்தான் கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஆட்களோடு வேலை பார்த்தவன் நான். எடுத்தவர் ஜீபே பண்ணிவிட்டுப் போய்விடுவார், மாட்டுவது நான்.

“போனுக்குச் சார்ஜ் போடற மாதிரிதானே சார்” என்று என் வாக்கிங் நண்பர் ஒருவர் அந்தத் தம்பிக்குப் பரிந்து பேசினார். டீக்கடையில் போன் சார்ஜ் போட வேண்டும் என்றால்கூட “அண்ணே, கொஞ்சம் போட்டுக்கவா” என்று நாம் கேட்கிறோம் இல்லையா? அந்தப் பத்தொன்பது யூனிட்டில் ஏறக்குறைய ஆயிரம் போனுக்குச் சார்ஜ் போடலாம். ஒரு போனுக்குக் கேட்கிற வாய் ஆயிரம் போனுக்கு ஏன் மூடிக்கொள்கிறது என்றேன். நண்பர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

பணத்தைக்கூட விடுங்கள். மோட்டார் இருபது நிமிடம் ஓடுவதற்குப் போட்ட ஒயர் அது. கிரைண்டர், இஸ்திரி, மோட்டார் எல்லாம் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும், ஒயருக்கு ஆற நேரம் கிடைக்கும். கார் அப்படி இல்லை, ஆறேழு மணி நேரம் ஒரே மூச்சில் இழுக்கும். பழைய சாக்கெட்டில் பின் சரியாகக் கவ்வாமல் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில்தான் சூடு ஏறும், உருகும், பிறகு பற்றும். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீடு எங்கள் தெருவில் எத்தனை என்று எனக்குத் தெரியும், ஒரு கை விரல் போதும். எங்கள் வீட்டில் கரண்ட் கசிந்தால் இணைப்பை அறுத்துவிடும் கருவி ஒன்று மெயினில் இருக்கிறது. அது இல்லாத பழைய வீடுகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டில், ஈரத் தரையில், வாளியோடு ஒரு அம்மாள் நின்றிருந்தால்? அனுமதி கேள் என்று நான் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. கேட்டிருந்தால், “அந்த பிளக் வேண்டாம் தம்பி, கார் ஷெட்டில் புதிதாக ஒன்று இருக்கிறது, அதில் போடு” என்று சொல்லியிருப்பேன்.

இது திருட்டா இல்லையா என்று ஒரு விவாதம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிக்க முடியாத கரண்டைத் திருட முடியுமா என்று நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஹேக் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர், பின்னல் ஊசியை மீட்டருக்குள் செருகி அதன் தட்டு சுற்றாமல் நிறுத்தி வைத்து மாட்டிக்கொண்டார். மின்சாரம் ஒரு பொருளே இல்லை, அப்புறம் எப்படித் திருட்டு என்று வாதாடிப் பார்த்தார். 1921-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பொருள்தான், திருட்டுதான் என்று முடித்துவிட்டது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம், ஏனென்றால் தட்டு சுற்றும் பழைய மீட்டரில் ஃபிலிம் துண்டைச் செருகும் வித்தை நம் ஊரிலும் இருந்தது. ஊசிக்குப் பதில் எக்ஸ்ரே ஃபிலிம், அவ்வளவுதான். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு மின் திருட்டைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் அது பெரும்பாலும் கொக்கி போடுவது, மீட்டரைக் கெடுப்பது என்று வாரியத்திடமிருந்து திருடுவதை நினைத்து எழுதியது. மீட்டரைத் தாண்டி, நான் காசு கொடுத்து வாங்கிய கரண்டை இன்னொருவர் எடுத்தால் நான் எந்த ஜன்னலில் போய் நிற்பது?

அதற்காக போலீஸைக் கூப்பிடு என்று சொல்ல வரவில்லை. 2013-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் பள்ளிக்கூடச் சுவரில் இருந்த பிளக்கில் இருபது நிமிடம் காரைச் சார்ஜ் போட்டார். போன கரண்ட் ஏறக்குறைய ஐந்து சென்ட் பெறும். அதற்கு அவரைப் பதினைந்து மணி நேரம் உள்ளே வைத்தார்கள். அது ரொம்ப அதிகம். அந்தத் தம்பியை அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

அவர்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். என் அக்கா பையன் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறான், அவனிடமும் மின்சாரக் கார் உண்டு. பார்க்கிங்கில் தன் செலவில் பாயின்ட் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு சங்கத்தில் ஒன்றரை வருஷம் இழுத்தடித்தார்கள். அதே குடியிருப்பில் மோட்டார் ரூம் பிளக்கில் இரண்டு பேர் ஸ்கூட்டருக்குச் சத்தமில்லாமல் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொது சர்வீஸ் பில் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிகிறது, ஆக இருபத்திரண்டு வீடும் சேர்ந்து இரண்டு ஸ்கூட்டருக்குப் படி அளந்திருக்கிறது. கடைசியில் அவன்தான் பார்க்கிங்கில் ஒரு சப் மீட்டரை வாங்கி மாட்டி, யார் போட்டாலும் நோட்டில் எழுதிக் காசு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தான். நோட்டு வந்த வாரமே ஸ்கூட்டர்காரர்களில் ஒருவர் ஆபீஸிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாராம்.

அதனால் அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். நெடுஞ்சாலை ஓட்டலிலும் மாலிலும் சார்ஜர் வைத்தால் போதாது, குடியிருக்கிற தெருவுக்கும் அடுக்குமாடிக்கும் வழி செய்யுங்கள். தனி மீட்டரோடு பார்க்கிங்கில் பாயின்ட் கேட்டால் இத்தனை நாளுக்குள் சங்கமும் வாரியமும் கொடுத்தாக வேண்டும் என்று வையுங்கள். கல்யாண மண்டபங்களிலும் வைக்கலாம், ஜெனரேட்டருக்கு வாடகை வாங்குகிறவர்கள் இதற்கும் வாங்கிக்கொள்ளட்டும்.

என் பங்குக்கு நான் ஒரு வேலை செய்துவிட்டேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தத் தூண் பிளக்கின் ஸ்விட்சை வீட்டுக்குள் ஹாலுக்கு மாற்றியாயிற்று, அறுநூறு ரூபாய் கூலி. பழுப்பேறிய சாக்கெட்டையும் மாற்றிவிட்டார். என்னைப் போல வாசலில் பிளக் வைத்திருப்பவர்கள் இதைச் செய்துவிடுவது நல்லது.

எதிர் வீட்டுக் கல்யாணம் அடுத்த மாதம். பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தம்பி இதைப் படித்தால், காரில் வருவதாக இருந்தால் முதல் நாளே ஒரு போன் போடட்டும், ஷெட்டில் என் ஸ்கூட்டரை நகர்த்தி இடம் வைக்கிறேன். எங்கள் தெருவுக்கு ரீடிங் எடுப்பது பன்னிரண்டாம் தேதி. அதற்கு மறுநாள் வந்தால் எனக்கும் நிம்மதி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் கணக்கீட்டாளர்,
மடிப்பாக்கம், சென்னை - 91