அம்முணிக்கு எந்தப் புத்தகம்?

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது, கோவிச்சுக்காதே. இந்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஆடி மழை ஏமாற்றிவிட்டது, தென்னைக்கு லாரித் தண்ணீர் விட்டே பொழுது போகிறது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

அம்முணி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அவளுக்கு வாங்கலாமா என்று நீ எழுதியனுப்பிய பட்டியலில் பதினோரு புத்தகம், அதில் நாலு பரீட்சைக்கு முந்தின ராத்திரி புரட்டுகிற கைடு. இத்தனையும் இப்போதே எதுக்கு? முதலில் கெர்னிகனும் ரிட்சியும் ‘சி’ (C) என்கிற புரோகிராம் மொழிக்கு எழுதிய புத்தகம் ஒன்று வாங்கு, 1988-ல் வந்த இரண்டாம் பதிப்பு. முந்நூறு பக்கம்கூட வராது, எழுதினவரில் ஒருத்தர் அந்த மொழியையே உண்டாக்கினவர். புரோகிராமே தெரியாதவர்களுக்கு அது கொஞ்சம் முரடுதான், ஆனால் பிளஸ் டூவில் பைத்தான் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறாள், சமாளிப்பாள். வேறு எந்த சி புத்தகத்தைப் பிரித்தாலும் முதல் பக்கத்திலேயே ‘கோனியோ டாட் எச்’ (conio.h) கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடு. அது விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்தில் சி எழுத வைத்திருந்த டர்போ சி என்கிற மென்பொருளுக்கு எழுதியது, லினக்ஸில் ஓடாது. நாம் அதில் படித்துவிட்டு வேலைக்குப் போய் முழித்தது போதும்.

ஹார்டுவேருக்கு எல்லாரும் பேட்டர்சன், ஹென்னஸி என்பார்கள். நல்ல புத்தகம்தான், அடுத்த வருஷம் பார்க்கலாம். அதுக்கு முன்னால் பெட்ஸோல்ட் எழுதிய ‘கோட்’ (Code) படிக்கட்டும். டார்ச் லைட்டில் ஆரம்பித்து, ரிலேவுக்கு வந்து, கடைசியில் பிராசஸர் வரைக்கும் கட்டிக் காட்டுகிறார். உங்க கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் காயில் இழுத்து ‘டக்’கென்று ஒட்டுமே, அந்த சங்கதிதான் ரிலேவும். இரண்டை வரிசையாகப் போட்டால், இரண்டும் ஒட்டினால்தான் கரண்ட் போகும். அதுதான் ‘ஆண்ட்’ (AND) கேட். பெட்டியைத் திறந்து காட்டு, மெயினை அணைத்துவிட்டு.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் காலேஜில் டைனோசர் அட்டை போட்ட சில்பர்ஷாட்ஸ் புத்தகத்தைத்தான் சொல்வார்கள். ஒரு தலைப்பு விடாமல் இருக்கும், எனக்கு மட்டும் நாலாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். ஆர்ப்பாசி-டுஸ்ஸோ தம்பதி எழுதிய ‘த்ரீ ஈஸி பீசஸ்’ அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே கிடைக்கிறது, அதை இறக்கிக் கொடு. படித்ததை அன்றைக்கே தட்டிப் பார்க்க வேண்டும், அது முக்கியம். போன மாசம் அண்ணன் பையன் இங்கே உட்கார்ந்து, திரையில் எழுத்தைக் காட்டுகிற பிரிண்ட்எஃப்பில் ‘வணக்கம்’ என்று போட்டு, அடுத்த வரியில், ஓடுகிற புரோகிராமையே இன்னொரு பிரதி எடுக்கிற ஃபோர்க்கைக் கூப்பிட்டான். ஃபோர்க்குக்கு முன்னாலேயே அச்சடிக்கச் சொன்னது இரண்டு தடவை வந்து நின்றது! பையன் பேய் பிடித்த மாதிரி பார்த்தான். வரி முடிவுக் குறி போடாததால் எழுத்து, வெளியே அனுப்பும்வரை சேர்த்து வைக்கிற பஃபரிலேயே கிடந்திருக்கிறது, ஃபோர்க் பஃபரையும் சேர்த்துப் பிரதி எடுத்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சாயங்காலம் முழுக்க ஆனது, டீ மூணு தடவை ஆறிப்போனது.

அப்புறம், அட்டாலியில் கிடக்கிற உன் பழைய டெஸ்க்டாப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதே, அவள் தட்டிப் பார்க்க ஆகும். தீபாவளி லீவில் அவளையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் வா, உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துவிடலாம். டைனோசர் புத்தகம் பழைய பதிப்பே போதும், புதுசுக்குக் காசைக் கொட்டாதே. வரும்போது கோபி வெல்லம் இரண்டு கிலோ.

உன்,
மாப்ள